ஒரு பெயர், ஐந்து எழுத்துக்கூட்டல்: மனைவிக்கான ஐ-130 மனுவைத் தயாரித்த ஏழு மாதங்கள்

2023 நவம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மாமனார் வீட்டு பீரோவின் மேல்தட்டில் இருந்த பழுப்பு நிற ரெக்ஸின் பையைக் கூடத்துத் தரையில் கவிழ்த்துவிட்டு, நானும் மனைவியும் ஒரு மாலை முழுவதும் அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு, மடிப்பில் நைந்துபோன பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணப் பதிவுச் சான்று, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகத் தாள் என்று எல்லாமே அதில் இருந்தன. மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள அங்குள்ள குடியேற்றத் துறைக்கு அனுப்பும் ஐ-130 என்ற உறவினர் மனுவுக்கு வேண்டிய காகிதங்களில் பெரும்பாலானவை கைவசம் இருக்கின்றன என்ற நிம்மதி கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து வாசித்தபோது, இத்தனையிலும் இருப்பவர் ஒரே பெண்தான் என்று எங்களை அறியாத ஓர் அதிகாரி எப்படி நம்புவார் என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஏழு மாதங்களில் நான் செய்த வேலையில் முக்கால் பங்கு அந்தக் கேள்விக்குப் பதில் திரட்டுவதாகவே அமைந்தது.

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். எங்கள் திருமணம் 2023 பிப்ரவரி 3-ஆம் தேதி தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்தது. அப்போது நான் இந்தியக் குடிமகன். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்தேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருந்தேன். பச்சை அட்டைக்காரரின் மனைவிக்கு உரிய எஃப்2ஏ பிரிவுக்கு ஆண்டு வரம்பு உண்டு. குடிமகனின் மனைவி ‘நெருங்கிய உறவினர்’ என்ற வகையில் வருவதால் அவருக்கு அந்த வரம்பு இல்லை. எந்தத் தேதியில் போட்ட மனுவரை வரிசை எட்டியிருக்கிறது என்று மாதந்தோறும் சொல்லும் அமெரிக்க விசா அறிவிக்கையில், 2023 ஏப்ரலில் எஃப்2ஏ பிரிவு 2020 செப்டம்பருக்குப் பின்தள்ளப்பட்டதைப் பார்த்துவிட்டு, குடியுரிமை கிடைத்தபின் மனுப் போடலாம் என்று இருந்துவிட்டேன். இது தப்புக் கணக்கு. பச்சை அட்டையோடு இருக்கும்போதே ஐ-130 மனுவை அனுப்பியிருந்தாலும், குடியுரிமை பெற்றதும் அதைத் தெரிவித்தால் அதே மனு நெருங்கிய உறவினர் பிரிவுக்கு மாறிவிடும். வரிசையில் நின்ற மாதங்கள் வீணாகா. இதை நான் அறிந்தபோது ஓராண்டு கழிந்திருந்தது. 2024 ஜனவரியில் உறுதிமொழி எடுத்துக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு மனு வேலையில் முழுமூச்சாக இறங்கினேன்.

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மனைவியின் உண்மையான பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சிக்கல் விளங்குவதற்காக அவரைத் தமிழ்ச்செல்வி என்றும், அவர் தந்தையைக் கோவிந்தராஜன் என்றும் வைத்துக்கொள்வோம். அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஆவணம், அதில் உள்ள பெயர், இனிஷியலின் இடம், தந்தை பெயர், பிறந்த தேதி என்று ஐந்து பத்திகள் போட்டு, பையில் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினோம். மதிப்பெண் பட்டியலில் ழகரம் ஆங்கில ‘எல்’ ஆகி, இனிஷியல் பெயருக்குப் பின்னால் நின்றது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வந்துவிட்டதோடு, பெயரின் முதலெழுத்துக்குப் பிறகு ஒரு ‘ஹெச்’சும் சேர்ந்திருந்தது. ஆதாரில் ழகரம் ‘இசட் ஹெச்’ ஆகியிருந்தது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்க, ‘தமிழ்ச்செல்வி கோவிந்தராஜன்’ என்று இரண்டும் சேர்ந்து இடுபெயர்க் கட்டத்தில் இருந்தன. திருமணச் சான்றில் தமிழில் ‘கோ. தமிழ்ச்செல்வி’ என்று இருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை; ‘பெண்’ என்பதோடு சரி. தந்தையின் பெயரும் அதில் ‘கோவிந்தராஜ்’ என்று, கடைசி ‘அன்’ இல்லாமல் பதிவாகியிருந்தது.

தமிழ்நாட்டில் இதில் எதுவும் அதிசயமில்லை. தலைப்பெழுத்து முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் பள்ளித் தலைமை ஆசிரியரின் பழக்கத்தைப் பொறுத்தது. மருத்துவமனையிலிருந்து குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்புப் பதிவாவது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. அமெரிக்கப் படிவமோ குடும்பப்பெயர், இடுபெயர், நடுப்பெயர் என்று மூன்று கட்டங்களை முதல் பக்கத்திலேயே நீட்டுகிறது. நம் பெயர்முறைக்கும் அந்தக் கட்டங்களுக்கும் உள்ள இடைவெளியில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதைப் படிவத்தைத் தொடும் முன்பே தீர்மானிக்க வேண்டும் என்பதும், தீர்மானித்த வடிவத்தைக் கடைசிவரை மாற்றக் கூடாது என்பதும் அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்தபோதே புரிந்தது.

முதலில் கடவுச்சீட்டைக் கையில் எடுத்தோம். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வழங்கும்போது, முழுப்பெயரையும் குடும்பப்பெயராகக் கொண்டு, இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற குறியீட்டை அச்சிடுவது வழக்கம். என் அலுவலகத் தோழர் ஒருவர் அந்த மூன்றெழுத்தையே பெயராகச் சுமந்துகொண்டு ஓட்டுநர் உரிமத்துக்கும் வங்கிக் கணக்கிற்கும் அலைந்ததை நேரில் பார்த்திருந்தேன். ஆகவே மனு அனுப்புவதற்கு முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தமிழ்ச்செல்வி என்பதை இடுபெயராகவும், கோவிந்தராஜன் என்பதைக் குடும்பப்பெயராகவும் பிரித்து, கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரையும் சேர்த்தோம். 1,500 ரூபாய்க் கட்டணம், கடவுச்சீட்டுச் சேவை மையத்தில் ஒரு காலைப்பொழுது, காவல் நிலையச் சரிபார்ப்பு என்று மூன்று வாரத்தில் புதிய புத்தகம் வந்தது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் ஒரு விவாதம் ஓடியது. எப்படியும் புதுப் புத்தகம் வாங்குகிறீர்கள், தகப்பன் பெயரை எடுத்துவிட்டுக் கணவன் பெயரையே பின்னால் போட்டுவிடலாமே என்று உறவினர் பலரும் சொன்னார்கள். மனைவிக்கு அதில் விருப்பமில்லை என்பது முதல் காரணம், அதுவே போதுமான காரணமும்கூட. அதற்கு மேல், திருமணத்தால் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ சொல்லவில்லை. கடவுச்சீட்டில் மட்டும் என் பெயர் ஏறியிருந்தால், மதிப்பெண் பட்டியலிலிருந்து ஆதார் வரை அதுவரை சேர்ந்திருந்த எல்லாத் தாள்களும் இன்னொரு பெண்ணுடையவை ஆகிவிட்டிருக்கும்.

பிறப்புச் சான்றிதழ் ஐ-130 மனுவோடு போவதில்லை. மனு ஏற்கப்பட்ட பிறகு விசாக் கட்டத்தில்தான் கேட்கப்படும். இருந்தாலும் ஊரில் இருக்கும்போதே தொடங்கியது நல்லதாயிற்று. பிறந்து ஓராண்டுக்குள் பெயரை இலவசமாகச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம் என்பது விதி. என் மனைவி 1994-இல் பிறந்தவர். 2000-க்கு முந்தைய பதிவுகளுக்கு அப்போது 31.12.2024 வரை கால நீட்டிப்பு நடைமுறையில் இருந்ததால் வழி பிறந்தது. உள்ளாட்சி அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியல், ஆதார், பெற்றோரின் உறுதிமொழி ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுத்தோம். ஒருமுறை சேர்த்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது என்று அங்கிருந்த ஊழியர் சொன்னதை நல்ல வேளையாகக் கவனத்தில் வாங்கிக்கொண்டேன். அச்சிடுவதற்கு முன் திரையைக் காட்டும்படி கேட்டபோது, தமிழில் சரியாக இருந்த பெயர் ஆங்கிலத்தில் மறுபடியும் ‘எல்’ போட்டுத் தட்டப்பட்டிருந்தது. கடவுச்சீட்டின் நகலை மேசைமேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டிய பிறகு திருத்தினார்கள். அந்த ஒரு நிமிடத்தை விட்டிருந்தால் எங்கள் நோட்டில் ஆறாவது வடிவம் சேர்ந்திருக்கும்.

தந்தை பெயரில் விடுபட்ட ‘அன்’ விகுதியை அங்கே திருத்த நாங்கள் முயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனை அனுப்பிய அறிக்கையில் ‘கோவிந்தராஜ்’ என்றுதான் இருந்திருக்கிறது. பதிவேட்டைத் திருத்த வேண்டுமானால் அந்தக் காலத்து ஆதாரம் வேண்டும். மாமனாரிடம் அதற்கு எதுவுமில்லை. 20 ரூபாய் முத்திரைத்தாளில், இவ்விரண்டு பெயர்களும் தன்னையே குறிக்கின்றன என்று அவரும், இந்த ஐந்து வடிவங்களும் தன்னையே குறிக்கின்றன என்று என் மனைவியும் ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி பப்ளிக் முன் கையெழுத்திட்டார்கள். எந்த ஆவணத்தில், எந்த எண்ணில், எந்த வடிவம் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் குறிப்பிட்டு எழுதச் சொன்னேன். ‘பல ஆவணங்களில் பலவாறாக’ என்று வழக்கறிஞரின் குமாஸ்தா தயாரித்து வைத்திருந்த பொதுவான வாசகத்தால் எங்களுக்குப் பயனில்லை. பத்திரத்தை ஆங்கிலத்திலேயே எழுதியதால் மொழிபெயர்ப்பு வேலையும் மிச்சமாயிற்று.

ஐ-130 படிவத்தில் இதுவரை பயன்படுத்திய பிற பெயர்கள் என்ற பகுதி ஒன்று இருக்கிறது. கன்னிப்பெயர், புனைபெயர் முதலியவற்றுக்கு உரியது என்று எண்ணிப் பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். நான் நோட்டில் இருந்த எல்லா வடிவங்களையும் அங்கே எழுதினேன். இடம் போதாமல் படிவத்தின் கடைசியில் உள்ள கூடுதல் தகவல் பக்கத்தில் பகுதி எண், கேள்வி எண் குறிப்பிட்டுத் தொடர்ந்தேன். வேறுபாடுகளை நாமாக முன்வைப்பது சந்தேகத்தை வலிய வரவழைப்பதாகாதா என்று மனைவி கேட்டார். பின்னால் ஒருநாள் அதிகாரியே கண்டுபிடித்துக் கேட்பதைவிட, முதல் நாளே நாங்கள் எழுதிக்கொடுத்த பட்டியலில் அது இருப்பது மேல் என்பதே என் எண்ணமாக இருந்தது.

திருமணச் சான்றைப் பொறுத்தவரை ஒரு நல்ல காரியம் ஏற்கெனவே நடந்திருந்தது. மண்டப ரசீதும் கோயில் சான்றும் அமெரிக்க மனுவுக்குப் போதாது, அரசுப் பதிவாளர் தந்த சான்றுதான் வேண்டும் என்று தெரிந்திருந்ததால், திருமணம் நடந்த அடுத்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தோம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள். விடுமுறை முடிந்து மணமகன் விமானம் ஏறிய பிறகு இரண்டு தரப்பையும் சாட்சிகளையும் ஒரே நாளில் அந்த அலுவலகத்தில் நிறுத்துவது எவ்வளவு பாடு என்று என் சித்தப்பா மகனைப் பார்த்துக் கற்றிருந்தேன்.

எங்கள் சான்று தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. அருகிலுள்ள நகரத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தோம். நான்கு நாட்கள் கழித்து வந்த தாளில் சிவப்பு முத்திரையும் நோட்டரி கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. தேவையான வாசகம் இல்லை. அமெரிக்க விதி கேட்பது எளிமையானது: இது முழுமையான, பிழையற்ற மொழிபெயர்ப்பு என்றும், இம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தனக்குத் தகுதி உண்டு என்றும் மொழிபெயர்த்தவர் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். நோட்டரியை அவ்விதி கேட்கவில்லை. மேலும் அவர் சான்றின் உடலை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, வட்ட முத்திரையில் இருந்த எழுத்துகளையும் பின்பக்கக் குறிப்பையும் விட்டுவிட்டார். முத்திரையும் ஆவணத்தின் பகுதிதானே என்று விளக்கி, வாசகத்தை நானே எழுதிக்கொடுத்து, திருத்தி வாங்க இன்னும் பத்து நாட்கள் போயின.

திருத்தி வந்த தாளிலும் ஒரு வினை ஒளிந்திருந்தது. திருமண நாளை நம் வழக்கப்படி 03/02/2023 என்று அவர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் மாதம் முன்னால், நாள் பின்னால். ஆகவே அங்கே அது மார்ச் 2. என் படிவத்திலோ பிப்ரவரி 3 என்பதை அவர்கள் முறைப்படி 02/03/2023 என்று நிரப்பியிருந்தேன். இரண்டு தாளும் சரி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டு திருமணங்கள். 12-ஆம் தேதிக்கு மேல் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. மொழிபெயர்ப்புகள், பிரமாணப் பத்திரங்கள், புகைப்படக் குறிப்புகள் எல்லாவற்றிலும் மாதத்தை எழுத்தால் எழுதுவது என்று அன்று முடிவு செய்தோம்.

படிவத்தை நிரப்பும் வேலையில் சொல்ல அதிகமில்லை. ஐ-130, 12 பக்கம். மனைவியைப் பற்றிய துணைப்படிவமான ஐ-130ஏ, 6 பக்கம். இருவருக்கும் கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளும் வேலைகளும் தேதியோடு வேண்டும்; நான் குடியிருந்த நான்கு அடுக்ககங்களின் தேதிகளைப் பழைய வாடகை ஒப்பந்த மின்னஞ்சல்களிலிருந்து தோண்டினேன், மனைவி கோயம்புத்தூரில் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் கதவு எண்ணை அவருடைய தோழி ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னார். மனைவி வெளிநாட்டில் இருந்தால் ஐ-130ஏ படிவத்தில் அவர் கையெழுத்துத் தேவையில்லை, ஆனால் படிவம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இது தெரியாமல் கூரியரில் கையெழுத்துக்கு அனுப்ப உறையே வாங்கிவைத்திருந்தேன்.

ஓரிடத்தில் மட்டும் நெடுநேரம் நின்றேன். பயனாளியின், அதாவது யாருக்காக மனுப் போடுகிறோமோ அவருடைய, தாய்மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படாத மொழியானால், அவருடைய பெயரையும் வெளிநாட்டு முகவரியையும் அம்மொழியின் எழுத்திலேயே எழுதும்படி படிவம் கேட்கிறது. மற்றவை எல்லாம் கணினியில் தட்டியவை. இதைக் கறுப்பு மையால் கையால் எழுதினேன். பத்தாண்டுகளாகத் தமிழை விசைப்பலகையிலும் கைபேசியிலும் மட்டுமே எழுதிவந்த விரல்கள், அந்தக் குறுகலான கட்டத்துக்குள் ழகரத்தின் கீழ்வளைவை அடக்குவதற்கு வெற்றுத்தாளில் ஏழெட்டு முறை பழக வேண்டியிருந்தது. ‘மேலத்தெரு’, ‘அஞ்சல்’, ‘வழி’ என்று நம்மூர் அஞ்சல்காரர் வாசிக்கும்படியான முகவரி அந்தப் படிவத்தில் ஏறியது. மனுப் படிவங்களில் ழகரம் ழகரமாகவே நிற்க இடம் கிடைத்தது அங்கேதான்.

திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகள் அடுத்த பெரும்பகுதி. சேர்ந்து வாழும் தம்பதியினர் கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம் என்று எடுத்து வைக்கலாம். பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்துக்குப் பின் மூன்று வாரம் சேர்ந்திருந்து, பிறகு கடல் கடந்து பிரிந்திருப்பவர்கள் வேறு தாள்களைத் தேட வேண்டும். நான் ஊருக்கு வந்துபோன இரண்டு பயணங்களின் பயணச்சீட்டுகளும் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகளும், மாதந்தோறும் மனைவியின் கணக்குக்குப் பணம் அனுப்பிய பதிவுகளும், என் ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் அவரை வாரிசாகச் சேர்த்ததற்கான உறுதிக் கடிதங்களும் அடிப்படை ஆயின. வாரிசு நியமனத்தைத் திருமணமான ஆண்டிலேயே செய்திருந்தால் தேதி இன்னும் பேசியிருக்கும். நான் 2024 மார்ச்சில்தான் செய்தேன்.

வாட்ஸ்அப் உரையாடலை அப்படியே இறக்கி அச்சிட்டால் பல நூறு பக்கம் வரும் என்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. நாங்கள் எழுதிக்கொள்வது ஆங்கில எழுத்தில் தமிழ். ‘சாப்டியா’, ‘தூங்கலயா’ என்பவை ரோமன் எழுத்தில் இருப்பதனால் ஆங்கிலமாகிவிடுவதில்லை. அனுப்பினால் அவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். ‘ம்ம்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது. ஆகவே உள்ளடக்கத்தை முழுவதும் விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு பக்கம் வீதம் தேதியும் பேசிய நேரமும் மட்டும் தெரியும் அழைப்புப் பட்டியலைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்தேன். எங்கள் பேச்சு அரசாங்கக் கோப்புக்குப் போகாததில் மனைவிக்கும் நிம்மதி.

திருமண அழைப்பிதழுக்கும் இதே விதிதான். மணமக்கள் பெயர் உள்ள நடுப்பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது, முழுத்தாளும் வேண்டும் என்பதால், தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், அத்தைமார் என்று கீழே நின்ற முப்பத்திரண்டு பெயர்களும் ஆங்கிலம் ஆயின. தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்த நண்பர் ஒருவர் இதை மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டார். ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்ற தொடருக்கு அவர் ஒரு மணி நேரம் செலவிட்டார்; தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லா என்று அவருக்கு ஒரே ஆதங்கம்.

புகைப்படங்கள் பதினெட்டுத்தான் வைத்தேன். திருமணத் தொகுப்பில் ஆயிரத்துக்கு மேல் இருந்தன, ஆனால் ஒரே நாளின் நூறு படங்கள் ஒரு நாளுக்குத்தான் சாட்சி. நிச்சயதார்த்தம், தாலி கட்டும் நேரம், வரவேற்பு ஆகியவற்றுக்கு ஆறு. மீதிப் பன்னிரண்டும் பிறகு வந்துபோனபோது இரு வீட்டுப் பெரியவர்களோடும் எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதினேன்.

உறுதிமொழிக் கடிதங்கள் இரண்டு. எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த நாளும் இடமும், எங்களோடு உறவு, தாம் சொல்வதை எப்படி அறிந்தார் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரான மனைவியின் தாய்மாமா அனுப்பிய முதல் வரைவு, மணமக்கள் பதினாறு பேறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும் என்ற வாழ்த்துரையாக இருந்தது. தொலைபேசியில் அழைத்து, ‘மாமா, நீங்க எங்க வீட்டுக்கு முதல்ல எப்ப வந்தீங்க, யார்கிட்ட என்ன பேசினீங்க, அத மட்டும் எழுதுங்க’ என்றேன். இரண்டாவது வரைவில் நாள், கிழமை, என் அம்மா கொடுத்த காபி உட்பட எல்லாம் இருந்தன. காபியை நான் நீக்கவில்லை.

இணையம் வழியாக மனுச் செய்தால் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. 2024 ஏப்ரலில் உயர்ந்த கட்டணம் இது. 50 டாலர் கூடுதலாகக் கொடுத்து நான் தாளைத் தேர்ந்தெடுத்ததை வீண் என்று சொல்பவர்களோடு வாதாட மாட்டேன். எல்லாத் தாள்களையும் மேசையில் வரிசையாக விரித்துப் பார்த்தால்தான் விடுபட்டது என் கண்ணில் படுகிறது. துளையிடக் கூடாது, பின் அடிக்கக் கூடாது, கிளிப் போடக் கூடாது என்பது அங்கே விதி, ஏனெனில் வரும் தாள்களெல்லாம் வருடிக்குள் (ஸ்கேனருக்குள்) போகின்றன. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் முன் தலைப்பிட்ட வெற்றுத்தாள் ஒன்றும், எல்லாவற்றுக்கும் முன்னால் பொருளடக்கத்தோடு ஒரு முகப்புக் கடிதமும் வைத்தேன். இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படங்கள் ஆளுக்கு இரண்டு, பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயர் எழுதிச் சிறு உறையில்.

தாளின் அளவு என்னை ஏமாற்றப் பார்த்தது. இந்தியாவிலிருந்து வந்த வருடல் கோப்புகள் ஏ4. இங்கே அச்சுப்பொறியில் இருப்பது லெட்டர் அளவு, அகலத்தில் சற்றுப் பெரியது, உயரத்தில் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம் சிறியது. அச்சிட்ட அடுக்கைக் கடைசி முறையாகப் புரட்டியபோது, திருமணச் சான்றின் அடியில் சார்பதிவாளரின் கையெழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அலுவலக முத்திரையில் மேல் அரைவட்டம் மட்டும் இருந்தது. சான்றுக்கு உயிர்கொடுக்கும் இரண்டும் அந்தக் கடைசி முக்கால் அங்குலத்தில்தான் இருந்தன. தாளுக்குப் பொருத்தி அச்சிடும் தெரிவை இட்டு எல்லா இந்திய ஆவணங்களையும் மறுபடி அச்சிட்டேன். மை தீர்ந்து, இரவு பத்து மணிக்குக் கடைக்குப் போய் வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரசீதைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கக் கோரும் ஜி-1145 படிவத்தை மேலே வைத்து, அதன்கீழ் காசோலை, முகப்புக் கடிதம், படிவங்கள், என் குடியுரிமைச் சான்றிதழின் நகல், மற்றவை என்று அடுக்கி, 2024 ஜூன் இரண்டாவது வாரத்தில் தடம் பார்க்கும் வசதியுள்ள அஞ்சலில் அனுப்பினேன். அசல் எதுவும் உள்ளே போகவில்லை, எல்லாம் நகல்களே. அனுப்பும் முன் முழு அடுக்கையும் வருடி வைத்துக்கொண்டேன்; 143 பக்கம். இரண்டு வாரத்தில் மூன்றெழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண் வந்தது. ரசீதில் மனைவியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருந்தது.

கூடுதல் சான்று கேட்டு எந்தக் கடிதமும் வராமல், 2025 ஜூலையில் மனு ஏற்கப்பட்டது. இதற்குள் திருமணமாகி இரண்டாண்டுகள் கடந்துவிட்டதால், விசா கிடைத்தால் நிபந்தனையுள்ள இரண்டாண்டு அட்டைக்கு உரிய சிஆர்1 வகையில் இல்லாமல், நிபந்தனையில்லாத ஐஆர்1 வகையில் வரும். தாமதத்தில் விளைந்த ஒரே லாபம். கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போய், பிஎம்பி என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்ணைப் பெற்றது. இந்தியாவில் குடியேற்ற விசாக்களைக் கவனிப்பது மும்பைத் துணைத் தூதரகம். ஊர் பெயர் மாறி இத்தனை ஆண்டுகளாகியும் கோப்பில் அது பம்பாய்தான். பெயர் விஷயத்தில் நாங்கள் மட்டும் தனியாக இல்லை என்று மனைவி சிரித்தார். அங்கே விசாக் கட்டணம் 325 டாலரும் வருமான உறுதிமொழிக்கான கட்டணம் 120 டாலரும் கட்டி, டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, வருமான உறுதிமொழியான ஐ-864-ஐ வரிப் பதிவுகளோடு ஏற்றினோம். பெயர் சேர்த்த பிறப்புச் சான்றிதழும் இரண்டு பிரமாணப் பத்திரங்களும் அப்போதுதான் வேலைக்கு வந்தன.

கடைசியாகக் காவல்துறைத் தடையின்மைச் சான்று. கடவுச்சீட்டுச் சேவைத் தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தபின், உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, பேரேட்டைத் திறந்து, ‘இனிஷியல் என்னம்மா?’ என்று முதல் கேள்வி கேட்டாராம். மனைவி கடவுச்சீட்டை அவர் முன் விரித்து வைத்து, ‘இதுல இருக்கிறபடியே எழுதிக்கோங்க சார்’ என்றிருக்கிறார். அவர் பார்த்துப் பார்த்து எழுதி முடித்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டியபோது, பெயருக்கு முன்னால் பழக்கத்தில் ஒரு ‘கோ.’ விழுந்திருந்தது. அவரே அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போட்டார். சான்று பிழையில்லாமல் வந்தது. நேர்காணல் நாளுக்காகக் காத்திருக்கிறோம். அசல்கள் எல்லாம் இப்போது புதிய கோப்புறையில் இருக்கின்றன, ஜாதகத் தாள் மட்டும் பழைய ரெக்ஸின் பைக்கே திரும்பிவிட்டது.